பதின்மூன்று ஏ

ஜெலுத்தோங்கில் எங்கள் கட்டடத்துக்கு
நாலு என்ற எண் ஆகாது.
மூன்றுக்கு மேலே மூன்று ஏ.
பதின்மூன்றுக்கு மேலே நான்.
பெயரைத்தான் மாற்றினார்கள்,
படியை யாரும் குறைக்கவில்லை.
மாடிக்குப் பதினாறு, மொத்தம் இருநூற்று எட்டு.
எண்ணியது மார்ச் மாதம்,
இரண்டு லிப்டின் கதவிலும்
ரோசாக் என்று அட்டை தொங்கிய அன்று.

அதுவரை என் உடம்பு ஒரு நாற்காலி.
பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
காலை ஐந்தே காலுக்கு ஸ்டியரிங் முன் மடங்கினால்
பதினாலு பிள்ளைகள், இரண்டு பள்ளி, மூன்று நடை.
நடை என்று பெயர்,
அதில் ஓரடி நடை கிடையாது.
காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு தே, பால் தூக்கலாக.
பின்னால் எவனாவது ஹாரன் அடித்தால் ஒரு வசவு,
வசவுக்குப் பின் ஒரு கறிபாப்.
கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

முதல் நாள், ஐந்தாவதில்
மூச்சு என்னை விட்டுவிட்டு முன்னே போனது.
ஆறில் சுவரைப் பிடித்தேன்.
ஏழில் யாரோ ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருந்தார்கள்.
உட்கார்ந்தேன்.
காற்றுக் கல்லின் ஓட்டைகளில்
கடல், எட்டுத் துண்டாக.
பதினோரு வருடம் இங்கே குடியிருக்கிறேன்.
லிப்ட் எனக்கு இதைக் காட்டியதே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு மாலையும்
எட்டாவதில் பெலாச்சான் வறுபடும்,
நான் தும்முவேன், உள்ளிருந்து ஒரு பெண் சிரிப்பாள்.
பன்னிரண்டில் ஒரு பையன்
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்துகொண்டிருப்பான்.
என் வேனில் வருகிறவன்தான்.
வாய் திறந்து நான் கேட்டது இங்கேதான்.

இனிப்புச் சோடா வாங்குவது நின்றுபோனது.
மனவுறுதி என்றெல்லாம் இல்லை,
பாட்டில் ஒன்றரைக் கிலோ.
ராத்திரி போனைத் தேய்ப்பதற்குள்
தூக்கம் வந்து கையைத் தட்டிவிட்டது.

ஐம்பத்தோராம் நாள் கிளினிக்.
எட்டு புள்ளி ஒன்பதில் இருந்த சர்க்கரை
ஏழு புள்ளி ஆறு.
மிஸ்ஸி ரொஹானி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
என்ன செய்தீர்கள், புவான் தவமலர்?
லிப்ட் ரோசாக், மிஸ்ஸி.
வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு
அட்டையில் உடற்பயிற்சி என்று எழுதினாள்.

ஒன்பதாம் மாடியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அங்கிள் தியோ.
செவ்வாய், வியாழன், சனி
ரத்தம் கழுவப் போக வேண்டியவர்.
சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து
மகனும் நேப்பாளிக் காவலாளி பிஷ்ணுவும் தூக்குவார்கள்.
ஒரு வியாழக்கிழமை மகனுக்கு வேலை.
ஒரு பக்கம் நான் பிடித்தேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைக்கும்போது
மாஃப், மாஃப் என்றார்.
எங்களைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.
அவர் எடை பெரிதில்லை,
அந்த மாஃப்தான் கனத்தது.
ஒரு செருப்பு கழன்று
படிப்படியாகக் குதித்துப் போய்
மூன்று ஏ-யில் நின்றது.
கையில் நாற்காலி, யாரும் குனியவில்லை.

நாலாவது வாரம்
சுங்கைப் பட்டாணியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.
என் சர்க்கரையை இறக்கிய அதே படி
அவரை வீட்டை விட்டே இறக்கியது.
இதை எந்த அட்டையில் எழுதுவது?

மே மாதம் லிப்ட் வந்தது.
புது விளக்கு, பழைய மூத்திர நாற்றம்.
காலையில் அதில்தான் இறங்குகிறேன்,
பொய் சொல்லவில்லை, அவசரம்.
மாலையில் ஏழு வரை ஏறி
முக்காலியில் உட்கார்ந்து
எட்டுத் துண்டுக் கடலைப் பார்த்துவிட்டு
மிச்சத்துக்குப் பொத்தானை அழுத்துகிறேன்.

அந்தச் செருப்பு இன்னும் மூன்று ஏ-யில் கிடக்கிறது.
பெருக்குகிறவர்கூட எடுக்கவில்லை.
நானும்
ஓரமாக நகர்த்தி வைத்ததோடு சரி.